அலாய் வீலில் பட்டை ஒட்டித் தருகிறார்களா? முதலில் விளிம்பைப் பாருங்கள்

உங்கள் காரின் அலாய் வீல் விளிம்பைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் பட்டை ஒட்டியிருக்கிறதா? ஒட்டுவதற்கு முன் அந்த விளிம்பை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், தொப்பூர் கணவாயில் அடுத்த முறை இறங்குவதற்குள் பட்டையைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள். நான் பார்க்காமலேயே இறங்க இருந்தேன். பக்கத்து இருக்கையில் 76 வயது அப்பா உட்கார்ந்திருந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். தருமபுரி பென்னாகரம் சாலையில் ஒரு துணிக்கடை வாசலில் காரை ஒதுக்கும்போது, இடது முன்சக்கரம் சாலையோர விளிம்புக் கல்லில் மோதியது. உரசல் மட்டும் அல்ல, சற்று வேகமாகவே இடித்துவிட்டேன். இறங்கிப் பார்த்தால் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளி நிறம் போய் அலுமினியம் தெரிந்தது. ஓரிடத்தில் விளிம்பு நசுங்கியும் இருந்தது. அன்றிலிருந்து 80 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியது.

புறவழிச்சாலைப் பக்கம் கார் அலங்காரப் பொருள்களும் வீல் வேலையும் செய்கிற ஒரு கடைக்குப் போனேன். நசுங்கிய இடத்தைக் காட்டினேன். கல்லில் இடித்ததையும் ஸ்டீயரிங் நடுங்குவதையும் தெளிவாகச் சொன்னேன். இந்த இரண்டையும் நான் சொன்னேன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தம்பி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது வெறும் கீறல்தான் அக்கா. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்துவிடலாம். நான்கு வீலுக்கும் பட்டை ஒட்டிவிட்டால் இனிமேல் கல்லில் உரசினாலும் வீலுக்கு ஒன்றும் ஆகாது. நடுக்கம் பேலன்சிங் செய்தால் போய்விடும்" என்றார். வீல் வேலைக்கு 2,200 ரூபாய், நான்கு பட்டைகளுக்கு 3,600 ரூபாய். மொத்தம் 5,800 ரூபாயைக் கைப்பேசியில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, தன் அட்டையின் பின்புறத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார். மாலையில் வாருங்கள் என்றார். மாலையில் வீல் புதிதுபோலப் பளபளத்தது. விளிம்பு முழுவதும் பட்டைக்குள் போயிருந்தது.

பத்து நாள் கழித்து அந்தச் சக்கரத்தில் காற்று இறங்கத் தொடங்கியது. 33 புள்ளி (psi என்ற காற்றழுத்த அளவு) வைத்தால் நான்கே நாளில் 26. மறுபடியும் கடைக்குப் போனேன். "வெயிலுக்குக் காற்று குறையத்தான் செய்யும் அக்கா" என்றார். இது முழுப் பொய். சூடு ஏறினால் டயருக்குள் அழுத்தம் கூடும், குளிர்ந்தால்தான் குறையும். நல்ல டயரில் ஒரு மாதத்துக்கு ஒன்றிரண்டு புள்ளிக்கு மேல் இறங்காது. அன்று எனக்கு இது தெரியாது. வால்வை மாற்றிவிட்டு நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். காற்று இறங்குவது நிற்கவில்லை. நானும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பெட்ரோல் பங்கில் காற்றைப் பிடித்துக்கொண்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். என் தவறு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

சேலத்தில் அப்பாவுக்குக் கண் பரிசோதனை இருந்தது. விடியற்காலையில் கிளம்பினோம். பாளையம் சுங்கச்சாவடியை நெருங்கும்போது இடது பக்கத்திலிருந்து படபடவென்று சத்தம். ஓரம் கட்டி இறங்கினேன். பட்டையின் பாதி கழன்று, சக்கரத்தோடு சுற்றிச்சுற்றி உள்பக்கத் தகட்டில் அடித்துக்கொண்டிருந்தது. கையால் இழுத்தேன். முழுவதும் வந்துவிட்டது. கூடவே பெயின்டும் ஏடு ஏடாக உரிந்து வந்தது. அடியில் சாம்பல் நிறப் பட்டி தெரிந்தது. பட்டியின் நடுவே மயிரிழைபோல ஒரு கோடு.

சற்றுத் தள்ளி ஒரு பஞ்சர் கடை இருந்தது. அங்கிருந்த பெரியவர் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். அந்தக் கோடு டயருக்குள் போகிற இடத்தில் குமிழி குமிழியாக வந்தது. "வண்டியை எடுக்காதீர்கள் அம்மா" என்றார். டயரை ரிம்மிலிருந்து பிரித்துக் காட்டினார். விளிம்பில் தொடங்கிய விரிசல், டயர் உட்காரும் பள்ளம்வரை இரண்டு விரல்கடை நீளத்துக்கு ஓடியிருந்தது. அதன்மேல் உள்பக்கமாகக் கண்ணாடித் தொட்டிக்குப் பூசுவார்களே, அந்தச் சிலிக்கோன் பசையைத் தடவியிருந்தார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உடம்பு பதறியது. டயரைக் கழற்றாமல் உள்ளே பசை தடவ முடியாது. கழற்றிய பிறகு அந்த விரிசல் கண்ணில் படாமல் இருக்க முடியாது. ஆகவே அந்தக் கடையில் விரிசலைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு, உள்ளே பசையும் வெளியே பட்டியும் பூசி, பெயின்ட் அடித்து, அதன்மேல் பட்டையை ஒட்டி, ஒரு பெண்ணிடம் சாவியைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். சுங்கச்சாவடியைத் தாண்டினால் தொப்பூர் இறக்கம். முன்னும் பின்னும் சரக்கு லாரிகள், வளைவுகள். எத்தனை விபத்துகளை அந்த இடத்தில் பார்த்திருக்கிறோம். அந்த இறக்கத்தில் முன்சக்கரத்தின் காற்று ஒரே நொடியில் போயிருந்தால் என்று நினைக்கும்போது இப்போதும் கை நடுங்குகிறது.

பெரியவர் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்தார். மெதுவாகத் தருமபுரிக்கே திரும்பினோம். அவர் ஐம்பது ரூபாய்தான் கேட்டார். வற்புறுத்தியும் அதற்கு மேல் வாங்க மறுத்துவிட்டார்.

பிறகு கார் நிறுவனத்தின் பணிமனையிலும், வீல் வேலை தெரிந்த உறவினர் ஒருவரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். அலாய் வீல் என்பது அலுமினியத்தோடு சிலிக்கானும் சிறிது மெக்னீசியமும் கலந்து வார்த்தது. வார்த்தபின் சூடேற்றிக் குளிர்வித்துத்தான் அதற்கு வலு ஏற்றுகிறார்கள். மேற்பரப்பில் கீறல் என்றால் தேய்த்து, பிரைமர் அடித்து, பெயின்ட் பூசுவதில் தவறில்லை. விரிசல் என்றால் பேச்சே இல்லை, வீலை மாற்றத்தான் வேண்டும். ஆர்கான் வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் சூடு அந்த இடத்தைச் சுற்றி ஏற்றிய வலுவை இறக்கிவிடும். வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. நசுங்கலை நெருப்பில் காட்டிச் சுத்தியலால் நிமிர்த்துவதும் அப்படித்தான். லேத்தில் கடைந்து மினுமினுப்பு ஏற்றிய வீலாக இருந்தால், மறுபடி கடையும் ஒவ்வொரு முறையும் உலோகம் குறையும் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

பட்டையே மோசம் என்று நான் சொல்லவில்லை. லேசான உரசலைத் தன்மேல் வாங்கிக்கொள்ள அது உதவும். நேராக இடித்தால் உதவாது. இடித்த அடி வீலுக்குத்தான் போகும். பசையால் ஒட்டுகிற பட்டையென்றால், விளிம்பை எண்ணெய்ப் பிசுக்கும் பிரேக் தூசியும் இல்லாமல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பெயின்டின்மேல் ஒட்டி, குறைந்தது ஒரு நாளாவது தண்ணீர் படாமல் வைத்திருக்க வேண்டும். எனக்குக் காலையில் அடித்த பெயின்டின்மேல் மாலையிலேயே ஒட்டிக் கொடுத்தார்கள். உரிந்து வந்ததில் வியப்பே இல்லை. ஒருவகையில் அது உரிந்ததால்தான் நாங்கள் தப்பித்தோம்.

வீல் ஏன் இவ்வளவு எளிதாகக் கல்லில் பட்டது என்பதற்கும் காரணம் கிடைத்தது. இது இரண்டாம் கை வண்டி. கம்பெனி கொடுத்தது 185/65 R15 டயர். முந்தைய உரிமையாளர் அழகுக்காக 195/55 R16 மாட்டியிருக்கிறார். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. R-க்குப் பின்னால் வருவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கணக்குப் போட்டால் பழைய டயரில் ரிம்முக்கும் தரைக்கும் நடுவே 120 மில்லிமீட்டர் ரப்பர். இப்போது 107 தான். சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய அதேதான், ரிம் பெரிதானதால் ரப்பர் குறைந்துவிட்டது. பெரிய வீல் மாட்ட ஆசைப்படும் பிள்ளைகள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். அடுத்த முறை டயர் மாற்றும்போது, ரிம் விளிம்பைத் தாண்டி வெளியே ஒரு ரப்பர் வரம்பு நீட்டிக்கொண்டிருக்கும் டயராகக் கேட்டு வாங்கப்போகிறேன். அந்த வரம்பு டயரோடு சேர்ந்தே வார்த்தது, உரிந்து வராது. மற்றபடி இடது கண்ணாடியைக் கீழ்நோக்கித் திருப்பிக் கல்லைப் பார்த்துக்கொண்டே நிறுத்துகிறேன். கல்லுக்கும் சக்கரத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விடுகிறேன். ஓட்டுநர் கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் சொன்ன அளவுக்குக் காற்று இருக்கிறதா என்று காலையில், வண்டி ஓடுவதற்கு முன் பார்க்கிறேன்.

வீல் வேலைக்குக் கொடுப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். டயரைக் கழற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். வெற்று ரிம்மை உள்ளும் புறமும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாலையில் வாருங்கள் என்று சொன்னால் வேறு கடையைப் பாருங்கள். பில் கேளுங்கள். சேவை செய்துவிட்டு பில் தராமல் இருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம்.

நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைக்காமல் நாமே பேசலாம். பில் இல்லாவிட்டாலும் கைப்பேசியில் பணம் அனுப்பிய பதிவு இருக்கிறது, அவர் கையெழுத்தில் தொகை எழுதிய அட்டை இருக்கிறது. புகார் முடிவுக்கு வரும்வரை கடையின் பெயரை எங்கும் எழுதப்போவதில்லை.

மற்ற மூன்று வீல்களின் பட்டைகளையும் அன்று மாலையே கழற்றிப் பார்த்தேன். விரிசல் இல்லை. விரிசல் விட்ட வீலைக் கழுவாமல், அந்தப் பட்டியும் பசையுமாக அப்படியே ஒரு சாக்கில் கட்டித் திண்ணையில் வைத்திருக்கிறேன்.