காசியில் கேமரா நடை: விடியலா, அந்தியா?

வழிகாட்டியோடு படமெடுக்கப் போக ஒரு வேளைதான் கிடைக்கும் என்றால் எதைத் தேர்வது?

வெளிச்சம்: கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது, படித்துறைகள் கிழக்குப் பார்த்தவை. விடியலில் எதிர்க்கரையிலிருந்து வெயில் நேராகப் படிகளில் விழும். குளிப்பவர் முகம், ஈரத்துணி, செம்பிலிருந்து வழியும் நீர் எல்லாம் தெளிவாக வரும். மாலையில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்குவதால் படிகள் சீக்கிரமே நிழலாகிவிடும். அப்புறம் விளக்கொளிதான்.

செட்டிங்: காலையில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 400 போதும். தசாஸ்வமேத படித்துறையில் மாலையில் நடக்கும் கங்கை ஆரத்திக்கு 3200, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/125 நொடி, எக்ஸ்போஷர் (படத்தில் விழும் ஒளி) ஒரு ஸ்டாப் குறைவு, அதாவது பாதி. குறைக்காவிட்டால் தீபச்சுடர் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். படகிலிருந்து என்றால் 1/250. ஆடும் படகில் ட்ரைபாட் வீண் சுமை.

கூட்டம்: காலையில் நகர்ந்து எடுக்க இடமுண்டு. மாலையில் பிடித்த இடத்தை விட்டால் போச்சு.

சிக்கல்: டிசம்பர், ஜனவரியில் மூடுபனி விடியலை விழுங்கிவிடும். மழைக்கால வெள்ளத்தில் படிகள் மூழ்கினால் இரண்டுமே கெடும்.

அஸ்ஸி படித்துறையிலிருந்து தசாஸ்வமேதத்துக்கு நடந்தால் நடுவில் அரிச்சந்திரா காட் (படித்துறை) வரும். சிதை எரியும் இடம். கேமராவைப் பைக்குள் வையுங்கள்.

மனிதர்களை எடுக்க விரும்பினால் விடியல். ஆரத்தி மட்டும் போதுமென்றால் அந்தி. அதற்கு வழிகாட்டிகூடத் தேவையில்லை.