ஐகிடோ நிஜ சண்டைக்கு உதவுமா? வருஷக்கணக்கா பண்றவனோட அனுபவம்

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். நாளைக்கே தெருவுல ஒருத்தன் கை ஓங்குனா சமாளிக்கணும்னு நெனச்சு ஐகிடோல, அதாவது ஆள பிடிச்சு மடக்கித் தூக்கிப் போடற ஜப்பான் தற்காப்புக் கலைல, சேரப் போறீங்கன்னா வேண்டாம், வேற எதுலயாவது சேருங்க. நான் இத வெளிய நின்னு வேடிக்கை பாத்துட்டு சொல்லல, டோக்கியோவுக்கு வேலைக்கு வந்த புதுசுல இருந்து இன்னிக்கு வரைக்கும் தடாமில, அதாவது பயிற்சிப் பாய்ல, உருண்டு பொரண்டுட்டு தான் சொல்றேன், பிளாக் பெல்ட் வாங்கி ஹகாமா (அகலமான பாவாடை மாதிரி உடுப்பு) கட்ட ஆரம்பிச்ச பிறகும் விடாம போறேன், இனியும் போவேன். இவ்ளோ பிடிச்ச ஒண்ண சண்டைக்குன்னு நம்பி வராதீங்கன்னு ஏன் சொல்றேன்னு கொஞ்சம் விளக்கமா எழுதறேன்.

நான் இருக்கறது நிஷி-கசாய் பக்கம், நம்மாளுங்க நிறைய பேர் இருக்கற ஏரியா தான். போறது வார்டு ஸ்போர்ட்ஸ் சென்டர்ல நடக்கற ஒரு சின்ன குரூப், அய்க்கிகாய்ங்கற ஐகிடோ அமைப்போட வழி. ஃபீஸ் ஜிம்முக்கு கட்டறத விட கம்மி, ரிட்டயர் ஆன தாத்தால இருந்து ஸ்கூல் பொண்ணு வரைக்கும் வருவாங்க. சென்சேய், அதாவது மாஸ்டர், ஒரு தடவ செஞ்சு காட்டுவாரு, அப்புறம் ரெண்டு ரெண்டு பேரா பிரிஞ்சு ஒருத்தர் அட்டாக் பண்ணணும், அவருக்கு பேரு ஊகே, இன்னொருத்தர் டெக்னிக் போடணும், வலது இடதுன்னு மாத்தி மாத்தி செஞ்சுட்டு ரோல் மாறிக்கணும். அட்டாக்னா மணிக்கட்ட பிடிக்கறது, உச்சந்தலைல கைய கத்தி மாதிரி இறக்கறது, வயித்துக்கு ஒரு குத்து, இவ்ளோ தான். முக்கியமான விஷயம் என்னன்னா அட்டாக் ஒரே ஒரு தடவ தான் வரும், வந்த கை அங்கேயே நிக்கும், அதுக்கப்புறம் ஊகே நம்ம கூடவே வந்து விழுவாரு. பல வருஷம் இதையே பண்ணா கை கால் எல்லாம் அழகா வரும், நம்மளால எவனையும் தூக்கிப் போட முடியும்னு உடம்பே நம்ப ஆரம்பிச்சுடும். அந்த நம்பிக்கை தான் ஆபத்து.

ஆபீஸ்ல கூட வேலை பாக்கற மதுரைக்கார தம்பி ஒருத்தன், காலேஜ் படிக்கறப்ப பாக்ஸிங் பண்ணவன். ஒரு ஞாயித்துக்கிழமை கசாய் ரின்காய் பார்க்ல அவன க்ளவுஸ் போட சொல்லி, கொஞ்சம் மெதுவா, ஆனா நிஜமா அடி தம்பின்னு சொன்னேன். நான் ட்ரை பண்ணது கோதேகாயேஷி, அதாவது குத்து வர்ற கைய ஒதுங்கி பிடிச்சு மணிக்கட்ட வெளிப்பக்கமா மடக்கி விழ வெக்கறது, டோஜோல, அதாவது பயிற்சிக் கூடத்துல, கண்ண மூடிட்டு செய்வேன். அவன் ஜாப், அதாவது முன் கையால சட்டுனு ஒரு குத்து, போட்டா கை வர்ற வேகத்துலயே திரும்பிப் போயிடுது, என் கை போய் சேர்றப்ப அங்க மணிக்கட்டே இல்ல, அதுக்குள்ள அவனோட அடுத்த கை என் கன்னத்துகிட்ட நிக்குது. திரும்பத் திரும்ப இதே தான். கோதேகாயேஷி நடக்கணும்னா எதிராளி கை நீண்டு நிக்கணும், அவன் வெயிட்டு முன்னங்கால்ல சாஞ்சிருக்கணும், டோஜோல இந்த ரெண்டையும் ஊகே நமக்கு தாராளமா குடுக்கறாரு, பாக்ஸிங் பண்றவன் ரெண்டையும் குடுக்க மாட்டான். கடைசில வேலைக்கு ஆனது என்னன்னா இரிமி மட்டும் தான், அவன் குத்து வர்றப்ப பின்னாடி போகாம சைடுல அவன் தோள் பக்கமா உள்ள நுழையறது. அது ரெண்டு மூணு தடவ சரியா அமைஞ்சுச்சு, அவனே அண்ணே எங்க போனீங்கன்னு கேட்டான். ஆனா அவன் உடனே கழுத்த சுத்தி கட்டிப் பிடிச்சுட்டான், கட்டிப் பிடிச்சவன் கிட்ட இருந்து வெளிய வர எனக்கு யாரும் சொல்லிக் குடுத்ததே இல்ல.

இதுக்கு காரணம் ஐகிடோ டுபாக்கூர்ங்கறது இல்ல, அப்படி எழுதறவங்க மேல எனக்கு கோவம் தான் வரும். மணிக்கட்ட பிடிக்கற அட்டாக் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிங்க. இடுப்புல வாள் இருக்கறவன் அத உருவ விடாம தடுக்கணும்னா அவன் கையத் தான் பிடிப்பாங்க, தலைல இறங்கற அந்த கை வாள் வெட்டு. வாள் இருந்த காலத்து கணக்க வாள் இல்லாம பண்றோம், அதான் இன்னிக்கு பாக்கறவங்களுக்கு விசித்திரமா தெரியுது.

இன்னொண்ணு ஹிஸ்டரி. ஐகிடோவ உண்டாக்குன மொரிஹேய் உவேஷிபா 1915-ல ஹொக்கைடோல சோகாகு தகேதாங்கற மாஸ்டர் கிட்ட தாய்தோ-ர்யூ ஜுஜுத்சுங்கற சண்டைக் கலைய கத்துக்கிட்டவரு, 1931-ல அவரு ஷின்ஜுகுல தொறந்த கோபுகான் டோஜோவ நரக டோஜோன்னே கூப்டுவாங்க, பயிற்சி அப்படி. அங்க வந்தவங்க யாருன்னு பாருங்க, மினோரு மொச்சிசுகிய அனுப்பி வெச்சதே ஜூடோவ உண்டாக்குன ஜிகோரோ கானோ தான், கென்ஜி தோமிகி ஏற்கனவே பெரிய ஜூடோக்காரர், கோசோ ஷியோதாவும் ஜூடோ பண்ணிட்டு வந்தவரு தான். எதிர்த்து நிக்கற ஆள தள்ளி இழுத்து தூக்கிப் போட்டு பழகுன உடம்போட வந்து அதுக்கு மேல ஐகிடோவ ஏத்திக்கிட்டாங்க. அவங்க கதைய கேட்டுட்டு, எந்த அடித்தளமும் இல்லாம ஆபீஸ் முடிச்சு வாரத்துல ரெண்டு நாள் போற நாம அதே பலன எதிர்பாக்கறது நியாயமே இல்ல. நிஜ சண்டைல அதெமி, அதாவது அடி, 70 சதவீதம், தூக்கிப் போடறது 30 சதவீதம்னு உவேஷிபாவே சொன்னதா ஷியோதா எழுதியிருக்காரு. எங்க கிளாஸ்ல அதெமினா முகத்துக்கு முன்னாடி கைய சும்மா காட்டிட்டு எடுக்கறது, அவ்ளோ தான்.

எனக்கு ரொம்ப பிடிச்ச ஆளு தோமிகி. போட்டி கூடாதுங்கறது உவேஷிபாவோட நிலைப்பாடு, தோமிகி அத மீறி வசேதா யுனிவர்சிட்டில ராண்டோரிய கொண்டு வந்தாரு, அதாவது எதிராளி நிஜமாவே எதிர்ப்பான், நீ டெக்னிக் போட்டுக் காட்டணும். தெரிஞ்ச ஒருத்தர் மூலமா அந்த வழில பண்றவங்க கூட கொஞ்ச நாள் ப்ராக்டிஸ் பண்ணேன். ஒருத்தர் கைல மெத்துன்னு ஒரு டம்மி கத்தி, இன்னொருத்தர் வெறும் கை, பாதி நேரம் ஆனதும் கத்தி கை மாறும். எவ்ளோ குத்து வாங்குனேன்னு கணக்கே இல்ல. அவங்க அடிப்படை டெக்னிக் 17, அதுல முதல் 5-ம் அதெமி வகை, தாடைல உள்ளங்கைய வெச்சு ஆள பின்னாடி சாய்க்கற மாதிரி. இத ஏன் முதல்ல வெச்சாருன்னு அங்க ஒரு ரவுண்டு நின்னா புரிஞ்சிடும், எதிர்க்கற ஆள் கிட்ட அதுவும் முழங்கைய தள்றதும் தான் வேலை செய்யுது, மணிக்கட்டு முறுக்கல் எப்பவாவது தான் மாட்டும். அதனால கத்தி வெச்சிருக்கவன பிடிச்சு மடக்கலாம்னு எந்த டெமோ பாத்தும் நம்பாதீங்க, பர்ஸ குடுத்துட்டு ஓடுங்க.

போலீஸே கத்துக்கறாங்களேன்னு கேப்பாங்க. உண்மை தான், டோக்கியோ கலவரத் தடுப்பு போலீஸ்காரங்க ஷியோதா ஆரம்பிச்ச யோஷின்கான் ஐகிடோ பள்ளில கிட்டத்தட்ட 11 மாசம் ஒரு கோர்ஸ் பண்றாங்க. ஆனா அவங்க அது மட்டுமேவா பண்றாங்க, ஜூடோ, கெண்டோ (மூங்கில் வாள் சண்டை) எல்லாம் இருக்கு, கூட நாலு பேர் இருப்பாங்க, ஒருத்தன காயப்படாம அமுக்கிப் பிடிக்கறது அவங்க வேலை. அந்த வேலைக்கு ஐகிடோ நல்லாவே பொருந்தும், செக்யூரிட்டி, ஹாஸ்பிடல்ல வேலை பாக்கறவங்களுக்கும் சொல்வேன்.

எனக்கு நிஜத்துல உதவுனது என்னன்னா முதல் இடம் உகேமி, விழற வித்தை. மழைல சைக்கிள்ல வர்றப்ப மேன்ஹோல் மூடி மேல டயர் வழுக்கி ஹேண்டில் தாண்டி பறந்தேன், கை ஊனாம தோள் வழியா உருண்டு எந்திரிச்சு நின்னுட்டேன், முழங்கைல சிராய்ப்பு மட்டும். கை ஊனியிருந்தா மணிக்கட்டு போயிருக்கும். வாழ்க்கைல எத்தன பேர் நம்மள குத்த வரப் போறாங்க, ஆனா எல்லாரும் விழத் தான் போறோம். ஊர்ல அம்மா அப்பா வயசுல பாத்ரூம்ல விழுந்து இடுப்பு ஒடஞ்சவங்கள பாத்தவங்களுக்கு இதோட மதிப்பு தெரியும்.

ரெண்டாவது மாஆய், அதாவது தூரம். சிலம்பம் சுத்துனவங்களுக்கு இது சட்டுனு புரியும், கம்பு எட்டாத இடத்துல நிக்கறதே பாதி தற்காப்பு. கடைசி ரயில் நேரத்துல பிளாட்பாரத்துல குடிபோதைல ஒருத்தர் கத்திட்டே வந்து என் மணிக்கட்ட பிடிச்சாரு. யோசிக்கவே இல்ல, தென்கான், அவர் பக்கத்துல போய் சேந்து அப்படியே திரும்புனேன், பிடி தானா விட்டுச்சு, ரெண்டு கை தூரம் தள்ளி கைய தொறந்து காட்டி சுமிமாசென், அதாவது மன்னிக்கணும்னு, சொல்லிட்டே அடுத்த பெட்டிக்கு போயிட்டேன். அவருக்கும் அடி இல்ல, எனக்கும் போலீஸ் ஸ்டேஷன் இல்ல. ஜப்பான்ல கிரிமினல் சட்டம் 36-வது பிரிவு தற்காப்ப ஒத்துக்குது தான், ஆனா அளவு மீறுனா கேள்வி வரும், விசால இருக்கற நமக்கு அந்த கேள்வியே பெரிய தலைவலி. இந்த மாதிரி தள்ளாட்டமா வந்து பிடிக்கற ஆளுக்கு ஐகிடோ அருமையா வேலை செய்யுது. அடிக்கணும்னே முடிவு பண்ணி வர்றவன் கதை வேற.

உடம்புக்கு வர்ற சேதாரமும் சொல்லணும். முட்டி போட்டு நடக்கற சுவாரிவாசா முட்டிய பதம் பாக்கும், ஏற்கனவே முட்டி வலி இருந்தா சென்சேய் கிட்ட சொல்லி நின்னுட்டே பண்ணுங்க. கைய தோளுக்கு மேல மடக்கி பின்னாடி சாய்க்கற ஷிஹோநாகேல வேகமா போட்டா பின்மண்டை நேரா தரைல போய் அடிக்கும், புது ஆளுங்கள அப்படி போடற சீனியர் இருக்கற இடத்துல இருக்கவே இருக்காதீங்க.

போன மாசம் அக்கா போன் பண்ணி, பொண்ணு காலேஜ் ஹாஸ்டல் போறா, ஐகிடோ சேத்து விடட்டுமாடான்னு கேட்டாங்க. முதல்ல ஜூடோவோ பாக்ஸிங்கோ ஒரு வருஷம் போகட்டும்க்கா, எதிர்க்கற ஆள் எப்படி இருப்பான்னு உடம்புக்கு தெரியணும், அப்புறம் ஆசைப்பட்டா ஐகிடோ சேரட்டும்னு சொன்னேன். பக்கத்துல ஐகிடோ மட்டும் தான் இருக்குன்னா சேர்றதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் உக்காந்து பாக்க சொல்லியிருக்கேன், ஊகே ரெண்டாவது அடியும் அடிக்க விடறாங்களா, டெக்னிக் சரியா விழலன்னா விழாம நிக்கறாரா, அப்படி நின்னா சென்சேய் திட்றாரா இல்ல எங்க தப்புன்னு காட்டித் தர்றாரான்னு. திட்டுனா ஃபீஸ் கட்டாம வந்துடச் சொல்லிட்டேன்.