ரிக் வண்டியின் வீடியோவையும் பில்லையும் சேமித்து வைக்க எது சரி: ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா, கிளவுடா?

போர்வெல் போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி ஒன்று ஊரைவிட்டுக் கிளம்பினால் சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று மாதக்கணக்கில் வெளியேதான் கிடக்கும். ஆட்களும் வண்டியோடே சமைத்து வண்டியோடே தூங்குவார்கள். முன்பெல்லாம் மேனேஜர் கையில் கார்பன் வைத்த பில் புக் ஒன்று இருந்தால் போதும். இப்போது துளை போடும் இரும்பு ராடு இறக்கும்போது எடுத்த வீடியோ, துளை இடியாமல் இருக்க இறக்கும் கேசிங் குழாய் போட்ட போட்டோ, தோட்டத்துச் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட பில், டீசல் கணக்கு, எஃப்சி, பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் ஒரு லேப்டாப்பிலோ போனிலோதான் இருக்கிறது. அடிக்கு இவ்வளவு என்று பேசி, ஆழம் போகப் போக ரேட் ஏறுகிற தொழிலில் 740 அடியா 780 அடியா என்று பேச்சு வந்தால், 20 அடி ராடில் இரண்டே இரண்டுதான் வித்தியாசம், ஆனால் அந்த வீடியோவைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

கடலில் படகிலேயே குடியிருப்பவர்கள் நிலைமைதான் நமக்கும்: அவர்களுக்கு உப்புக்காற்றும் ஈரமும் எதிரி, நமக்குப் பாறைத் தூளும் அதிர்வும் வெயிலும். பேட்டரி கரண்ட், கிடைக்காத டவர், பக்கத்தில் ரிப்பேர் கடை இல்லாதது எல்லாம் இரண்டு பேருக்கும் ஒன்றுதான்.

முதலில் ஹார்ட் டிஸ்க். காசுக்கு அதிக இடம் தருவது இன்னமும் இதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உள்ளே தட்டு ஒன்று நிமிடத்துக்கு 5,400 சுற்று போல ஓடுகிறது, அதன் மேல் சில நானோமீட்டர் உயரத்தில், அதாவது முடியின் பருமனில் பல ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில், படிக்கிற ஹெட் மிதக்கிறது. சுற்றாமல் நிற்கும் டிஸ்க் நல்ல அடியைக்கூடத் தாங்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது தாங்குவது அதில் கொஞ்சம்தான். நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? கம்ப்ரசர் ஓடுகிறது, கீழே ஹேமர் பாறையை இடிக்கிறது, கேபின் சீட்டில் லேப்டாப்பை வைத்து வீடியோவைக் காப்பி போடுகிறார்கள். தூசி உள்ளே போய் டிஸ்க் கெட்டுவிட்டது என்று எல்லோரும் சொல்வார்கள், ஆனால் காற்றுப் போகிற துளையில் ஃபில்டர் இருக்கிறது, தூசி அவ்வளவு சுலபமாக உள்ளே போகாது. டிஸ்க்கை அடக்கம் செய்வது பெரும்பாலும் அதிர்வுதான். தூசியால் கெடுவது கேபிள் சொருகும் இடம்.

எஸ்எஸ்டி என்பது தகவலைச் சிப்பில் வைக்கும் டிரைவ், அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. குழியில் வண்டி தூக்கிப் போட்டாலும் கை தவறி விழுந்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஐபி65, ஐபி67 என்று போட்டு வரும் ரப்பர் கவசம் வைத்த மாடல்கள் நம் வேலைக்கென்றே செய்தது போல இருக்கும். இரண்டிலும் முதல் எண்ணான 6, தூசி உள்ளே புகாது என்பதற்கு. ஐபி67 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். வண்டியில் அன்றாடம் புழங்குவதற்கு இதைத் தவிர வேறு எதையும் நான் வாங்கச் சொல்லமாட்டேன்.

அதற்காக எஸ்எஸ்டி சாகாவரம் வாங்கி வந்ததில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் கெடும், சில சமயம் டிரைவே அடையாளம் தெரியாமல் போகும். ஹார்ட் டிஸ்க் சாகும் முன் பல நேரம் டக் டக் என்று சத்தம் போட்டு எச்சரிக்கும், எஸ்எஸ்டியோ நேற்றுவரை நன்றாக ஓடிவிட்டு இன்று காலையில் சும்மா செத்துக் கிடக்கும், மீட்டெடுப்பதும் கஷ்டம். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைத்திருக்கிறது, கரண்ட் கொடுக்காமல் போட்டு வைத்தால் அது மெல்லக் கசியும், சூட்டில் சீக்கிரம் கசியும். எழுதி எழுதித் தேய்ந்து ஆயுள் முடிந்த சாதாரண எஸ்எஸ்டி, 30 டிகிரியில் கரண்ட் இல்லாமல் ஒரு வருடம் தகவலைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதுதான் ஜெடெக் என்ற தர அமைப்பின் அளவுகோல். புது டிரைவ் அதைவிட வெகுகாலம் தாங்கும், சரி, ஆனால் மே மாதம் மூடிக் கிடக்கும் கேபின் 30 டிகிரியிலா இருக்கிறது? பழைய கணக்கைப் பூட்டி வைக்க எஸ்எஸ்டி வேண்டாம்.

பென் டிரைவும் மெமரி கார்டும் ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோகத்தான். சில நூறு ரூபாய்க்கு 2 டிபி என்று விற்பது போலி. உள்ளே இருக்கும் கொஞ்ச இடம் நிரம்பியதும் பழையதன் மேலேயே எழுதிக்கொண்டு போகும், பெயர் மட்டும் லிஸ்டில் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளைப் போட்டு முழுவதும் எழுதிப் பார்த்தால் குட்டு வெளிப்படும்.

சரி, இன்டர்நெட் வழியாக வேறு இடத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைக்கும் கிளவுட்? கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் ஏற்றுகிற போட்டோக்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். காசு கட்டி இடம் வாங்கலாம், ஆனால் டவரைக் காசு கொடுத்து வாங்க முடியாது. 2 எம்பிபிஎஸ் வேகத்தில் 10 ஜிபி வீடியோ ஏற 11 மணி நேரம் ஆகும், அதுவும் நடுவில் அறுந்துபோகாமல் இருந்தால். பில், பெர்மிட், இன்சூரன்ஸ் மாதிரிச் சின்ன ஃபைலுக்குக் கிளவுடை மிஞ்ச ஆளில்லை, ஆர்சியும் லைசென்ஸும் அரசின் டிஜிலாக்கர் ஆப்பிலேயே கிடைக்கும். வீடியோவுக்கு அதை நம்ப வேண்டாம்.

"ஏனுங்க மாமா, எல்லாந்தான் வாட்ஸ்அப்புல கெடக்குதுங்களே" என்று மேனேஜர் பையன்கள் சொல்வார்கள். கிடக்கிறதுதான் மாப்பிள்ளை, ஆனால் அனுப்பும்போதே வீடியோவைச் சுருக்கிவிடும், போன் போய்விட்டால் பேக்கப் எடுக்காத பழைய வீடியோவைத் திரும்ப இறக்கவும் முடியாது.

நாஸ் என்ற சேமிப்புப் பெட்டியை, ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும்படி போட்டு, வண்டியில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். லாரியில் இருப்பது 24 வோல்ட், பெட்டி கேட்பது பெரும்பாலும் 12 வோல்ட், நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும், செல்ஃப் அடிக்கும்போது வோல்டேஜ் விழும். இத்தனையும் சமாளித்தாலும் தெரியாமல் அழித்த ஃபைல் இரண்டு டிஸ்க்கிலும் அழியும், வண்டி போனால் இரண்டும் சேர்ந்து போகும். நாலைந்து வண்டி ஓட்டுகிற முதலாளி ஊர் ஆபீஸில் வைத்துக்கொள்ளட்டும்.

வாங்குவதாக இருந்தால் இப்படி வாங்குங்கள்: வண்டிக்குச் சின்ன எஸ்எஸ்டி இரண்டு, ஊருக்குப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. வண்டியில் தோற்கும் ஹார்ட் டிஸ்க் ஆபீஸ் அலமாரியில் ஆடாமல் அசையாமல் இருந்தால் ஜெயிக்கும், அங்கே எஸ்எஸ்டிக்குக் காசு போடுவது வீண். இரண்டாவது எஸ்எஸ்டியைக் கூடவே வரும் சப்போர்ட் வண்டியில் வைத்துவிட்டு வேறு இடத்தில் வைத்துவிட்டதாக நினைக்காதீர்கள், இரண்டு வண்டியும் ஒரே ரோட்டில் போய் ஒரே தோட்டத்தில்தான் நிற்கின்றன. பொங்கல், வைகாசித் தேர், தீபாவளி, வீட்டு விசேஷம் என்று யாராவது ஒருவர் ரயிலில் ஊருக்குப் போய்க்கொண்டேதான் இருப்பார். அவர் பையில் ஒரு எஸ்எஸ்டி போகட்டும், ஹார்ட் டிஸ்க்கில் இறக்கி, அதிலிருந்து இரண்டு பழைய வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டு, டிரைவைத் திரும்பக் கொடுத்தனுப்புங்கள். எந்தக் கிளவுடும் இந்த ரயில் வேகத்துக்கு வராது.

வண்டியில் காப்பி போடுவதை இன்ஜினும் கம்ப்ரசரும் நின்ற பிறகு, லேப்டாப் பேட்டரியிலேயே செய்யுங்கள். ரயிலில் போகிற டிரைவுக்குப் பாஸ்வேர்டு கட்டாயம், அது மேனேஜருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, ஊர் ஆபீஸிலும் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேனேஜர் வேலையை விட்டு வேறு வண்டிக்குப் போவது இந்தத் தொழிலில் சகஜம்.