மியூனிக்கிலிருந்து நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஒரு நாள் டூர்: 436 யூரோ போச்சு, நீங்களாவது ஏமாறாதீர்கள்

மியூனிக்கில் ரூம் போட்டுக்கொண்டு அங்கிருந்து தினம் ஒரு ஊர் போய் வரலாம் என்று திட்டம் போடுகிற நம்ம ஆட்கள் நிறைய பேர் இருக்கிறீர்கள். டிக்கெட் போடுவதற்கு முன்னால் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். போன செவ்வாய்க்கிழமை எங்கள் 436 யூரோ போய்விட்டது. நம்ம ஊர்க் காசுக்கு 40,000 ரூபாய்க்கு மேல். காலையில்தான் டூர் விற்ற புக்கிங் தளத்திடமிருந்து கடைசி பதில் வந்தது, "கேஸ் முடிக்கப்பட்டது" என்று. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், கோர்வையாக இல்லாவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான், அப்பா, அம்மா, என் 12 வயதுப் பையன், ஆக நாலு பேர். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. மியூனிக்கை மையமாக வைத்தால் சால்ஸ்பர்க், ரேகன்ஸ்பர்க், கீம்சே ஏரி எல்லாவற்றையும் காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைய வேண்டியதில்லை, அம்மாவுக்கு அதுதான் வசதி. சால்ஸ்பர்க்கெல்லாம் நாங்களே ரயிலில் போய் வந்தோம், ஒரு பிரச்சினையும் இல்லை. நொய்ஷ்வான்ஸ்டைனுக்கு மட்டும்தான் டூர் எடுத்தோம். ஒரே காரணம் அம்மாவின் முழங்கால். கீழே ஹோஹென்ஷ்வாங்காவ் கிராமத்திலிருந்து கோட்டைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஏற்றம், அம்மாவால் அது முடியாது.

எந்த இணையதளம் என்று பெயர் போடவில்லை. ஐரோப்பா முழுக்க டூர், மியூசியம் டிக்கெட் விற்கிற புக்கிங் தளங்கள் இருக்கின்றன இல்லையா, அதில் ஒன்று. தளம் வெறும் தரகுதான், டூர் நடத்துவது உள்ளூரில் வேன் வைத்திருக்கிற வேறொரு ஆபரேட்டர். பக்கத்தில் தெளிவாகப் போட்டிருந்தது: ஏசி வேன், கைடு, கோட்டை நுழைவுக் கட்டணம் உட்பட, திரும்பும் வழியில் லிண்டர்ஹோஃப் அரண்மனை. ஆளுக்கு 109 யூரோ. பையனுக்கும் அதே 109. நாலு பேருக்கு 436.

அப்போதும் நான் உடனே பணம் கட்டவில்லை. அந்த ஆபரேட்டருக்கு வாட்ஸ்அப்பில் கேள்வி அனுப்பினேன், அம்மாவால் ஏற முடியாது, என்ன ஏற்பாடு என்று. அஞ்சு நிமிஷத்தில் ஒருவர் கூப்பிட்டார். அவ்வளவு பொறுமையாகப் பேசினார். எந்த முழங்கால் என்று கேட்டார். படி இறங்கும்போது வலி அதிகமா ஏறும்போதா என்று கேட்டார். தன் அம்மாவுக்கும் அப்படித்தான் என்றார். "கவலைப்படாதீர்கள், டிரைவரிடம் சொல்லி கோட்டை வாசலிலேயே இறக்கிவிடச் சொல்கிறேன், உள்ளே லிஃப்ட்டுக்கும் சொல்லி வைக்கிறேன்" என்றார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் அந்த நிமிஷமே கார்டு போட்டேன். வயசான ஒரு அம்மாவின் கால் வலியை விசாரித்து, அதை வைத்தே பணம் வாங்குகிறவனை என்ன சொல்வது? எனக்கு 436 யூரோவைவிட அந்தப் போன் பேச்சுதான் வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் கோட்டை வாசல் வரை வெளி வண்டி எதுவும் போகவே முடியாது. டூர் வேனும் சரி, சொந்தக் காரும் சரி, கீழே கிராமத்துப் பார்க்கிங்கோடு நிற்க வேண்டும். அதற்கு மேல் நடை, இல்லையென்றால் குதிரை வண்டி, இல்லையென்றால் மேலே கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற மரியன்பாலம் வரை போகிற ஷட்டில் பஸ். இரண்டிலும் இறங்கிய பிறகும் கொஞ்சம் நடக்க வேண்டும். தினமும் அங்கே டூர் ஓட்டுகிறவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்தே சொன்ன பொய்.

அன்றைக்குக் காலையில் மத்திய ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 7.45க்கு நிற்கச் சொன்னார்கள். வேன் வரும்போது ஒன்பதாகப் போகிறது. கைடு கிடையாது, டிரைவர் மட்டும். கைடு எங்கே என்று கேட்டால் "அங்கே இருப்பார்" என்றார். எங்களோடு இன்னொரு குடும்பமும் ஒரு ஜோடியும், எல்லோர் கையிலும் அதே வவுச்சர். வழியெல்லாம் அப்பா பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டே வந்தார். பவேரியா ராஜா இரண்டாம் லுட்விக் 1869இல் இந்தக் கோட்டையைக் கட்ட ஆரம்பித்தது, 1886இல் அவர் ஸ்டார்ன்பெர்க் ஏரியில் செத்துக் கிடந்தது, முடிவு தெரியாத அந்த மர்மம், அவர் செத்து சில வாரத்திலேயே கோட்டையைக் காசு வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. உள்ளே சிம்மாசன மண்டபம் இருக்கிறது, ஆனால் சிம்மாசனம் கிடையாது, செய்து முடிப்பதற்குள் ராஜா போய்விட்டார். அதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அப்பாவுக்கு. எத்தனையோ மாதமாகப் படித்து வைத்திருந்தார்.

இறங்கியதும் டிரைவர் "டிக்கெட் சென்டரில் வவுச்சரைக் காட்டுங்கள், டிக்கெட் தருவார்கள், 2.15க்கு இங்கேயே வந்துவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் வரிசையில் நின்றோம். கவுண்டரில் இருந்த பெண்மணி க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தார். சிவப்பாக வந்தது. இன்னொரு முறை செய்தார், அப்போதும் சிவப்பு. சந்தேகத்தில் நானே என் பையனின் போனை வைத்து அந்தக் கோடைப் படித்துப் பார்த்தேன். புக்கிங் தளத்தின் விளம்பரப் பக்கம் திறந்தது, "அடுத்த டூருக்குத் தள்ளுபடி" என்று! அதுதான் 436 யூரோ கொடுத்து வாங்கிய நுழைவுச் சீட்டு. அந்தப் பெண்மணி பாவம், மரியாதையாகத்தான் சொன்னார், இது எங்கள் டிக்கெட் இல்லை, இன்றைக்கு எல்லா நேரமும் விற்றுத் தீர்ந்துவிட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்று. அங்கே ஒவ்வொரு டிக்கெட்டிலும் உள்ளே போகும் நேரம் அச்சடித்திருக்கும், குழுவாகத்தான் விடுவார்கள், கோடை சீசனில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். கூடவே இன்னொன்றும் சொன்னார்: 18 வயதுக்குக் கீழே கோட்டைக்கு நுழைவுக் கட்டணமே கிடையாதாம். என் பையனிடம் 109 யூரோ வாங்கியிருக்கிறார்கள்.

ஆபரேட்டருக்குப் போன் செய்தேன். அந்த அன்பான மனிதர் எடுக்கவில்லை. மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்பாவும் பையனும் மேலே நடந்து போய் வெளிமுற்றத்தைப் பார்த்துவிட்டு வந்தார்கள், அது வரைக்கும் யாரும் போகலாம். நான் அம்மாவோடு ஆல்ப்சே ஏரிக்கரையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை அம்மா தொடவே இல்லை. "என்னாலதானே இந்த டூரை எடுத்தே" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை என்னால் பொறுக்கவே முடியவில்லை. தப்பு செய்தவன் எவனோ, குற்ற உணர்ச்சி என் அம்மாவுக்கு.

2.15க்கு முன்னாலேயே பார்க்கிங்குக்கு வந்து நின்றோம். வேன் இல்லை. அந்த ஜோடியும் வந்து நின்றார்கள், அவர்களுக்கும் உள்ளே போகக் கிடைக்கவில்லை. மூன்று மணி தாண்டி ஒரு மெசேஜ் வந்தது: டிரைவருக்கு வேறொரு பிக்கப் வந்துவிட்டது, ஆறு மணி வாக்கில் வருவார், காத்திருங்கள். லிண்டர்ஹோஃப் பற்றிப் பேச்சே இல்லை. வருவாரா மாட்டாரா என்றும் தெரியாமல் அம்மாவை அங்கே எப்படி உட்கார வைப்பது? லோக்கல் பஸ் பிடித்து ஃப்யூஸன் வந்து, அங்கிருந்து ரயில் ஏறி ராத்திரி மியூனிக் வந்து சேர்ந்தோம். பஸ், ரயில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே பையர்ன் டிக்கெட் (பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் சுற்றுகிற சீட்டு) போதுமானதாக இருந்தது. டிக்கெட் சென்டருக்கு நேராகப் பணம் கட்டி, இந்த ரயிலிலேயே போய், அம்மாவுக்குக் குதிரை வண்டியும் வைத்திருந்தால்கூட அந்த 436 யூரோவில் பாதி ஆகியிருக்காது.

அப்புறம் ஆரம்பித்தது அலைக்கழிப்பு. புக்கிங் தளத்தின் சாட்டில் முதலில் பேசுவது இயந்திரம். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று சொல்லிவிட்டு மெனுவைக் காட்டும், அதில் எதை அமுக்கினாலும் திரும்ப அதே மெனு. கடைசியில் ஒரு ஆள் வந்தார், ஆபரேட்டரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார். மறுநாள் வேறொரு ஆள், முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார். அடுத்து வந்த மெயில்தான் உச்சம்: "நீங்கள் டூரின் நடுவில் சொந்த விருப்பத்தில் விலகிவிட்டதாக ஆபரேட்டர் தெரிவிக்கிறார், எனவே ரீஃபண்ட் இல்லை." சொந்த விருப்பமா? வேன் வராமல் நடுத்தெருவில் நின்றது எங்கள் விருப்பமா? 2.15 என்று டிரைவர் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள், ஆறு மணிக்கு வருவார் என்ற மெசேஜின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பினால் அது தங்கள் ஆப்பில் வந்ததல்ல, வாட்ஸ்அப்பில் வந்ததால் ஏற்க முடியாது என்கிறார்கள். அந்த வாட்ஸ்அப் நம்பரைக் கொடுத்ததே அவர்கள் பக்கம்தான்!

நுழைவுக் கட்டணம் உட்பட என்று போட்டிருந்ததே என்று கேட்டேன். பக்கத்தைத் திரும்பப் பாருங்கள் என்றார்கள். பார்த்தால் அந்த வரியே இல்லை. எடுத்துவிட்டு "டிக்கெட் வாங்க உதவி செய்யப்படும்" என்று மாற்றி வைத்திருக்கிறார்கள். நல்லவேளை, எனக்கு வந்த கன்ஃபர்மேஷன் மெயிலில் பழைய வரி அப்படியே இருக்கிறது. அதை அனுப்பிய பிறகு நல்லெண்ண அடிப்படையில் 20 யூரோ கூப்பன் தருகிறோம் என்றார்கள், அதையும் அவர்கள் தளத்திலேயே செலவழிக்க வேண்டும். 436 யூரோவுக்கு 20 யூரோ கூப்பன். வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். இன்று காலை கேஸை மூடிவிட்டார்கள்.

மியூனிக்கிலிருந்து எப்படியெல்லாம் தினம் ஒரு ஊர் போகலாம் என்று விரிவாக எழுதித் தருகிறேன் என்று சிலரிடம் சொல்லியிருந்தேன். இப்போது அதற்கு மனசு இல்லை, அவசரத்துக்கு இதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்ஷ்வான்ஸ்டைன் டிக்கெட்டை ஹோஹென்ஷ்வாங்காவ் டிக்கெட் சென்டரின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், கோடையில் தேதி முடிவான உடனே வாங்குங்கள். டிக்கெட்டில் போட்ட நேரம் தவறினால் அது செல்லாது, கீழிருந்து மேலே போகும் நேரத்தையும் கணக்கில் வையுங்கள். பையர்ன் டிக்கெட் வார நாளில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட், பெயர் எழுதியிருக்க வேண்டும், சால்ஸ்பர்க் வரைக்கும் போகலாம், ஐசிஇ மாதிரி வேக ரயிலில் ஏறிவிடாதீர்கள். டாக்காவ் நாஜி வதைமுகாம் நினைவிடத்துக்கு நுழைவு இலவசம், அதற்கும் "நுழைவு உட்பட" என்று விலை ஏற்றி விற்கிறார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். எந்த டூராக இருந்தாலும் கன்ஃபர்மேஷன் மெயிலை அழித்துவிடாதீர்கள். கோட்டை வாசலில் இறக்கிவிடுகிறேன் என்று எவனாவது சொன்னால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

நான் பேங்கில் கார்டு டிஸ்ப்யூட், அதாவது கார்டில் கட்டிய பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிப் புகார், போட்டிருக்கிறேன். கன்ஃபர்மேஷன் மெயில், வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட், அன்றைக்கு வாங்கிய ரயில் டிக்கெட் மூன்றையும் கொடுத்திருக்கிறேன், அந்த ஜோடியும் தங்கள் பக்கத்தை எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வெளிநாட்டு டூர் விஷயத்தில் நம்ம ஊர் பேங்க் மூலமாக டிஸ்ப்யூட் போட்டுப் பணம் திரும்ப வாங்கியவர்கள் யாராவது இருந்தால், வேறு என்ன பேப்பர் கேட்டார்கள், எந்த இடத்தில் இழுத்தடித்தார்கள் என்று கீழே எழுதுங்கள். 436 யூரோவை விடுவதாக இல்லை.