நொந்தபுரி வாடகை வீடுகள்: பெங்களூரிலிருந்து பாங்காக் போகிறவர்களுக்கு ஒரு மதிப்பீடு

பாங்காக்குக்கு மாற்றல் என்றதும் பெங்களூர்த் தமிழர்கள் முதலில் தேடுவது சுகும்வித் சாலையில்தான். வாடகையைப் பார்த்த பிறகு வரைபடம் மெல்ல வடமேற்கே நகரும். அங்கே நகரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது நொந்தபுரி மாகாணம். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், நொந்துபோனவர்கள் ஊர் அல்ல. நம் 'நந்தபுரி'தான் தாய்லாந்துக்காரர் வாயில் அப்படி ஆகியிருக்கிறது. மகிழ்ச்சியான ஊர் என்று பொருள்.

மொத்த மாகாணத்துக்கும் ஒரே மதிப்பெண் போட முடியாது. மெட்ரோ ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு கிடைத்தால் ஐந்துக்கு நான்கு. கார் இல்லாமல் உள்ளே தள்ளிப் போய் மாட்டிக்கொண்டால் ஒன்றரை. ஒயிட்ஃபீல்டில் மெட்ரோ வருவதற்கு முன் இருந்தவர்களுக்கு இது புரியும்.

பெங்களூர் மெட்ரோ போல இங்கேயும் ஒரு பர்பிள் லைன் இருக்கிறது. 2016 ஆகஸ்டில் திறந்தார்கள். குளோங் பாங் பாய் முதல் தாவ் பூன் வரை 23 கிலோமீட்டர், 16 ஸ்டேஷன். திறந்த முதல் வருடம் தாவ் பூனிலிருந்து அடுத்த ஒரே ஒரு ஸ்டேஷனுக்கு ரயில் இல்லை, ஜனங்கள் இறங்கிப் பஸ் பிடித்தார்கள். 2017 ஆகஸ்டில்தான் ப்ளூ லைனோடு இணைந்தது. கே.ஆர்.புரம் – பையப்பனஹள்ளி நடுவே 2023 அக்டோபர் வரை நாம் பட்ட பாடு அப்படியே. இப்போது தாவ் பூனில் தளம் மாறினால் போதும், ப்ளூ லைன் அலுவலகங்கள் நிறைந்த சுகும்வித், சீலோம் இரண்டுக்கும் கொண்டுபோய் விடும்.

அலுவலகம் சுகும்வித்தின் அசோக் சந்திப்பு அல்லது சீலோம் பக்கம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரை: நொந்தபுரி சிவிக் சென்டர், சுகாதார அமைச்சகம், யேக் தீவானோன் ஆகிய மூன்று ஸ்டேஷன்களின் சுற்றுவட்டாரம். தாவ் பூனுக்கு ஐந்து ஸ்டேஷனுக்குள் முடிந்துவிடும். மருத்துவமனை, சந்தை எல்லாம் பக்கத்தில். அடுத்த ஸ்டேஷனான வோங் சவாங் பாங்காக் எல்லைக்குள் வந்துவிடுகிறது. பார்க்க ஒரே தெரு போலத்தான் இருக்கும், ஆனால் முகவரி எந்த மாகாணம் என்பதைப் பொறுத்து உங்கள் குடிநுழைவு அலுவலகமே மாறும். செங் வத்தனாவில் இருக்கும் பெரிய அலுவலகம் பாங்காக் முகவரிக்காரர்களுக்கு. நொந்தபுரிக்காரர்களுக்கு மாகாண அலுவலகம். கம்பெனி உங்கள் விசாவை எங்கே பதிவு செய்கிறது என்று எச்.ஆரிடம் கேட்டுவிட்டு வீடு பார்ப்பது நல்லது.

மேற்குக் கரையில் பாங் யாய். தலாத் பாங் யாய் ஸ்டேஷனில் இறங்கினால் சென்ட்ரல் வெஸ்ட்கேட் மாலுக்குள்ளேயே நுழையலாம், பக்கத்தில் ஐகியா. 28, 30 சதுர மீட்டர் கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, பொதுவாக 7,000 முதல் 10,000 பாட் (தாய்லாந்துப் பணம்) வாடகைக்குள் கிடைக்கும். வீடு புதிது, நீச்சல்குளம் இருக்கும், வாடகை குறைவு. விலை கொடுப்பது நேரத்தில். வீட்டு வாசலிலிருந்து சுகும்வித் அலுவலக மேஜை வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சதுர மீட்டரில் ஏமாறுவது சகஜம்: 30 சதுர மீட்டர் என்பது சுமார் 320 சதுர அடி. மாரத்தஹள்ளியில் 1,100 சதுர அடி டூ பெட்ரூமில் இருந்த குடும்பத்துக்கு அது ஒரு ஹாலும் பாதி பால்கனியும்தான்.

விளம்பரங்களில் 'ஸ்டேஷனிலிருந்து 800 மீட்டர்' என்று போடுவார்கள். அது காக்கா பறக்கிற தூரம். பல ஸ்டேஷன்கள் ரத்தனாதிபெத் சாலையின் மேலே நிற்கின்றன. சாலை அகலம் நம் அவுட்டர் ரிங் ரோடு மாதிரி, கீழே குறுக்கே கடக்க முடியாது. வீடு எதிர்ப்பக்கம் என்றால் மேம்பாலம் ஏறி இறங்கி, பிறகு சோய் எனப்படும் சந்துக்குள் நடக்க வேண்டும். ஏப்ரல் வெயிலிலும் செப்டம்பர் மழையிலும் அந்த 800 மீட்டர் ஒன்றரை கிலோமீட்டராக நீளும். சந்து முனையில் ஆரஞ்சுச் சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் நிற்பார்கள், ஆனால் தினம் இரு வேளை அந்தக் காசையும் வாடகையில் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். வீடு பார்க்கப் போகும்போது ஏஜென்ட் காரில் ஏறாமல், ஸ்டேஷன் வாசலிலிருந்து நடந்தே போய்ப் பாருங்கள்.

பாக் கிரெட் கதை வேறு. செங் வத்தனா சாலையில் சாஃப்ட்வேர் பார்க் கட்டடம், நிச்சதா தானி குடியிருப்புக்குள் இன்டர்நேஷனல் ஸ்கூல் பாங்காக், பெரிய கச்சேரிகள் நடக்கும் இம்பாக்ட் அரங்கம் எல்லாம் இந்த மாவட்டத்தில். 2024 ஜனவரியிலிருந்து முழுக் கட்டணத்தோடு ஓடும் பிங்க் லைன் மோனோரயில் சிவிக் சென்டரில் தொடங்கி இந்தப் பக்கமாகத்தான் மின் புரி போகிறது. வேலையோ குழந்தையின் பள்ளியோ இங்கே இருந்தால் தயங்காமல் எடுக்கலாம். சீலோம் வேலைக்கு இங்கிருந்து தினம் போவது வீண் அலைச்சல். பிங்க்கிலிருந்து பர்பிள், பர்பிளிலிருந்து ப்ளூ என்று இரண்டு முறை மாற வேண்டும். இம்பாக்ட் இருக்கும் முவாங் தோங் தானி வளாகத்தில் கொண்டோக்கள் மலிவு. ஆனால் இம்பாக்டில் கச்சேரி இருக்கும் இரவில் கார் நகராது. 2025-இல் அந்த வளாகத்துக்குள் மோனோரயில் கிளை வந்த பிறகு ரயிலில் போகிறவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது.

பாங் புவா தோங்கில் வேலி போட்ட குடியிருப்புகளில், அவர்கள் மொழியில் மூ பான், தனி வீடுகள் கிடைக்கும். இரண்டு மாடி, கார் நிறுத்த இடம், வாடகையும் ஆசை காட்டும். கார் இல்லாதவர்களுக்கு வேண்டாம். கார் இருந்தாலும் 2011 வெள்ளத்தைப் பற்றிக் கேட்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். அந்த வருடம் பாங் புவா தோங், பாங் யாய் பகுதிகள் வாரக்கணக்கில் தண்ணீரில் கிடந்தன. ஆற்றங்கரையிலேயே இருக்கும் பாக் கிரெட் நகரமோ மணல் மூட்டை அடுக்கித் தப்பித்தது. ஆறு பக்கத்தில் இருந்தால்தான் ஆபத்து என்பது இங்கே சரிவராது. 2022-இல் பெல்லந்தூர்ப் பக்கம் டிராக்டரில் அலுவலகம் போனதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தாய்லாந்து நாட்காட்டியில் 2011 என்பது 2554, அதனால் 'பீ ஹா ஸீ', அதாவது ஐந்து-நான்காம் வருடம் என்று கேட்டால் கடைக்காரர் கையைத் தூக்கி எந்த உயரம் வரை தண்ணீர் வந்தது என்று காட்டுவார். புதுப் பெயிண்ட் அடித்த வீட்டை விட்டுவிட்டு பக்கத்துப் பழைய மதில் சுவரைப் பாருங்கள். தெருவை மட்டும் உயர்த்தி, வீட்டு வாசல் தாழ்ந்து கிடந்தால் சின்ன மழைக்கே தண்ணீர் உள்ளே வரும்.

அட்வான்ஸ் விஷயத்தில் பெங்களூர்க்காரர்களுக்கு இன்ப அதிர்ச்சி காத்திருக்கிறது. பத்து மாத வாடகை கேட்கும் ஊரிலிருந்து போகிறோம், அங்கே வழக்கம் இரண்டு மாத டெபாசிட், ஒரு மாத முன்வாடகை, ஒரு வருட ஒப்பந்தம். ஆனால் வருடம் முடியும் முன் காலி செய்தால் டெபாசிட் பெரும்பாலும் போய்விடும். சாவி வாங்கும் அன்றே சுவர், மெத்தை, ஃப்ரிட்ஜ் கதவு, குளியலறைச் சிலிக்கான் ஓரம் வரை படம் எடுத்து அன்றே ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். ஏ.சி. சர்வீஸ் ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், காலி செய்யும்போது முதல் வெட்டு அங்கேதான் விழும்.

கரண்ட் பில்தான் அடுத்த பொறி. தனித்தனி ஓனர் உள்ள கொண்டோவில் பில் நேராக மின்சார ஆணையத்திலிருந்து வரும், யூனிட்டுக்கு நாலு, நாலரை பாட் அளவில். ஒரே முதலாளி நடத்தும் அபார்ட்மென்டில் அவர்களே மீட்டர் படித்து யூனிட்டுக்கு 7, 8 பாட் போடுவதும் உண்டு. இரவு முழுக்க ஏ.சி. ஓடினால் மாதம் 300 யூனிட் ஆகும். நாலரை என்றால் 1,350 பாட், எட்டு என்றால் 2,400. ஆயிரம் பாட் வாடகை குறைவு என்று மகிழ்ந்தது அங்கேயே கரைந்துவிடும். 'பில் யார் பெயரில் வரும், யூனிட் என்ன விலை' என்ற கேள்வியை வாடகைக்கு முன் கேளுங்கள்.

டி.எம். 30 என்ற படிவத்தை மறக்கவே கூடாது. வெளிநாட்டவர் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் குடிநுழைவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வேலை அவருடையது. அவர் செய்யாவிட்டால் அடுத்து விசா நீட்டிக்கப் போய் நிற்கப்போவது நீங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம்' என்கிற ஓனரிடம் வீடு எடுக்காதீர்கள்.

இனி சமையலறை. பல கொண்டோக்களில் காஸ் சிலிண்டருக்கு அனுமதி இல்லை. இருப்பது ஒற்றை மின் அடுப்பு, அதுவும் படுக்கைக்கு மூன்றடி தள்ளி, புகைபோக்கி கிடையாது. வற்றல் மிளகாய் தாளித்தால் மாடி முழுக்க இருமும். பால்கனியை ஒட்டித் தனியறையாகக் கதவு போட்ட சமையலறை உள்ள வீடாகத் தேடினால் கிடைக்கும், அதற்கு ஆயிரம் பாட் கூடக் கொடுக்கலாம். மின்னழுத்தம் நம் ஊர் அளவுதான், மிக்ஸியும் கிரைண்டரும் தாராளமாக ஓடும். நம் மூன்று முள் பிளக் நுழையாது, கனமான அடாப்டர் இரண்டு பெங்களூரிலேயே வாங்கிவிடுங்கள். இட்லி மாவுக்குச் சொர்க்கம். டிசம்பர் பெங்களூரில் போர்வை சுற்றி வைத்த மாவு, அங்கே ஆறேழு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு வெளியே வந்துவிடும்.

சந்தையில் முருங்கைக்காய், வாழைப்பூ, அகத்திப்பூ எல்லாம் உண்டு. கொத்துக் கொத்தாகப் பச்சையாகத் தொங்கும் 'மக்குவா புவாங்' நம் சுண்டைக்காயேதான். சைவக்காரர்கள் மட்டும் கவனம்: காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் கொடியில் 'ஜே' (சுத்த சைவம்) என்று எழுதிய கடையில் வெங்காயம், பூண்டுகூட இருக்காது.

துவரம்பருப்பு, பொன்னி அரிசி, கறிவேப்பிலைக்கு பாங்காக்கின் இந்தியக் கடைவீதியான பஹுரத் போக வேண்டும். ப்ளூ லைனில் சாம் யோத் ஸ்டேஷனில் இறங்கி நடக்கலாம். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டிய சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் போவதற்கும் அதே ப்ளூ லைன்தான். கிழக்குக் கரையில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: நொந்தபுரி படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு ஏறி மெமோரியல் பாலத்தில் இறங்கினால் பஹுரத் கூப்பிடு தூரம். அரிசி மூட்டையோடு திரும்புவதானால் நேரத்தோடு கிளம்புங்கள், இரவில் அந்தப் படகு கிடையாது.