“14 கிலோமீட்டர், எளிய நடை” என்பதை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன்

ஒரு மலைக் கிராமத்திலிருந்து இன்னொரு மலைக் கிராமத்துக்கு ஒரே நாளில் நடந்து சேரும் மலையேற்றத்துக்காக, நண்பர்கள் ஐந்து பேர் ஒரு பயண ஏற்பாட்டாளரிடம் முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டி ஏமாந்தோம். பணம் போனது வருத்தம்தான். ஆனால் எங்களில் ஒருவர் முழங்கால் வீங்கி, இருட்டில், குளிரில், சரிவான பாதையோரம் இரண்டு மணி நேரம் அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தாரே, அதுதான் இதை எழுத வைக்கிறது.

அவர்கள் அனுப்பிய பயணக் குறிப்பில் தூரம் 14 கிலோமீட்டர், நேரம் 5 மணி, தரம் “எளிது” என்றிருந்தது. அனுபவமுள்ள வழிகாட்டி கடைசி வரை உடன் வருவார் என்றும், போய்ச் சேரும் கிராமத்தில் தங்க இடம் பேசி வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பதைப் பற்றி ஒரு சொல்கூட அதில் இல்லை. சமதளத்தில் நீண்ட தூரம் நடந்து பழகிய எங்களுக்கு 5 மணி நேரம் தாராளமாகவே தோன்றியதால், நாங்களும் கேட்கவில்லை.

காலை 6 மணிக்கு வர வேண்டிய வழிகாட்டி எட்டரைக்கு வந்தார். தொலைபேசியில் எங்களிடம் பேசியவர் அவர் அல்லர். கடைசி நேரத்தில் மாற்றி அனுப்பப்பட்ட இளைஞர். அந்தப் பாதையில் இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் நடந்திருப்பதாக முதல் ஏற்றத்தின் பாதியில் அவரே சொன்னார். அவரிடம் வரைபடமும் இல்லை, முதலுதவிப் பெட்டியும் இல்லை. அவரை நான் குறை சொல்லவில்லை, அப்படி அனுப்பியவர்களைத்தான் சொல்கிறேன்.

ஒரு மலைமுகட்டை ஏறி இறங்கிய பிறகு அதைவிட உயரமான இன்னொன்று எதிரே நின்றது. இரண்டாவதின் கணவாயைத் தொட்டபோது மணி மூன்றரை. ஆயிரம் மீட்டர் உயர்ந்தால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும் என்பதைப் படித்திருந்தேன். வியர்வையில் நனைந்த சட்டையோடு அங்கே காற்றில் நின்றபோதுதான் அதன் பொருள் புரிந்தது. அந்த இடத்தில் வழிகாட்டி, மறுநாள் காலை வேறொரு குழுவை அழைத்துப்போக வேண்டும் என்று தனக்கு உத்தரவு வந்திருப்பதாகவும், “இனி இறக்கம்தான், பாதை தெளிவாகத் தெரியும்” என்றும் சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டார்.

இறக்கம் எளிது என்பது மலையில் நடக்காதவர்களின் நம்பிக்கை. ஒவ்வொரு அடியிலும் உடலின் எடையைத் தாங்கி நிறுத்துவது தொடைத் தசையும் முழங்காலுமே. ஏற்றத்தில் களைத்துப்போன தசை அதைச் செய்ய மறுக்கும்போது பாரம் முழுவதும் மூட்டில் இறங்குகிறது. பாதை நெடுக உதிரிக் கற்கள். பள்ளத்தாக்கில் சூரியன் மறைவதற்கு வெகு முன்பே மலையின் நிழல் விழுந்துவிட்டது. ஏழு மணி அளவில் நண்பர் ஒரு கல்லில் கால் பிரண்டு உட்கார்ந்தவர், பிறகு எழவில்லை. “மாலைக்கு முன்பே சேர்ந்துவிடுவீர்கள்” என்று சொல்லப்பட்டிருந்ததால் ஐந்து பேரிடம் சேர்த்து இரண்டே தலைவிளக்குகள்தான் இருந்தன. கைபேசிக்கு அலைவரிசை இல்லை.

முதுகுப்பையின் மார்புப் பட்டைக் கொக்கியிலேயே ஒரு சின்ன விசில் பொருத்தப்பட்டிருப்பது அப்போதுதான் ஒருவருக்கு நினைவு வந்தது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை ஊதுவதுதான் மலைகளில் ஆபத்தைத் தெரிவிக்கும் முறை. அப்படியே ஊதிக்கொண்டிருந்தோம். ஒன்பது மணிக்குக் கீழேயிருந்து இரண்டு விளக்குகள் மேலேறி வந்தன. கிராமத்தார் இருவர் நண்பரைத் தோள் கொடுத்து இறக்கினார்கள். எங்களுக்காக இடம் பேசியிருப்பதாகச் சொல்லப்பட்ட வீட்டாருக்கு நாங்கள் வருவதே தெரியாது. இருந்தும் படுக்க இடம் தந்தார்கள்.

வீடு திரும்பியதும் அந்தப் பகுதியின் வரைபடத்தை விரித்து, பென்சில் முனையை வைத்துச் சம உயரக் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினேன். ஏற்றத்தில் மட்டும் 37 கோடுகள். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் 40 மீட்டர் வீதம் 1,480 மீட்டர். நண்பரின் கைக்கடிகாரம் பதிவு செய்த தூரம் 21 கிலோமீட்டர். மலைப்பாதையின் வளைவுகளைக் கணக்கில் சேர்க்காமல் வரைபடத்தில் நேர்கோடு போட்டுத்தான் 14 என்று எழுதியிருக்க வேண்டும்.

1892இல் ஸ்காட்லாந்தின் மலையேறி நெய்ஸ்மித் வகுத்த விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்கள் பாதைக்கு அதன்படி 6 மணி 40 நிமிடம் வருகிறது. அதுவும் நல்ல உடல்வலு உள்ளவர்கள் ஓய்வே எடுக்காமல் நடந்தால். ஓய்வும் கடினமான இறக்கமும் சேர்ந்தால் பத்து மணி நேரத்துக்குக் குறையாது. இந்தக் கணக்கு ஏற்பாட்டாளருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை.

ஆகவே யாரிடம் பதிவு செய்தாலும், மொத்த ஏற்றம் எத்தனை மீட்டர் என்பதை எழுத்தில் கேளுங்கள். சொல்ல மறுத்தால் அங்கேயே விலகிவிடுங்கள். வரப்போகும் வழிகாட்டியிடம் நேரடியாகப் பேசி, அந்தப் பாதையில் எத்தனை முறை நடந்திருக்கிறார், எதுவரை உடன் வருவார் என்று கேளுங்கள். தங்கும் இடத்தின் எண்ணை வாங்கி நீங்களே அழைத்து உறுதி செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சேர்ந்துவிடலாம் என்று சொன்னாலும் ஆளுக்கொரு தலைவிளக்கு இல்லாமல் கிளம்பாதீர்கள்.

புகார் எழுதியபோது, நடைவேகம் அவரவர் உடல்நிலையைப் பொறுத்தது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வழிகாட்டி பாதியில் திரும்பியதைப் பற்றியோ, பேசப்படாத தங்குமிடத்தைப் பற்றியோ அதில் எதுவும் இல்லை. பணமும் திரும்ப வரவில்லை. கடந்த வாரம் எனக்குத் தெரிந்த வேறொருவர் அவர்களிடம் விசாரித்திருக்கிறார். அவருக்கும் அதே குறிப்பைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்: 14 கிலோமீட்டர், 5 மணி நேரம், எளிது.