தண்டையார்பேட்டை கியர் பாக்ஸ் பட்டறை: கசிவைக் கண்ட பிறகே கழற்றுகிறார்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருவில் தேங்கிய வெள்ளம், அங்கே நின்றிருந்த 2012ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டி ஆட்டோமேட்டிக் காரின் கியர் பாக்ஸுக்குள் புகுந்துவிட்டது. உள்ளே தண்ணீர் சென்றால் கிளட்ச் தகடுகளில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பொருள் ஊறி உரிந்துவிடும் என்பதால், புதுப்பேட்டையில் பழைய கியர் பாக்ஸ் ஒன்றை வாங்கி, வேறொரு பகுதியில் உள்ள பட்டறையில் மாற்றிக்கொண்டோம். அதன் பிறகு வண்டிக்கு அடியில், எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தில், சிவப்பாக எண்ணெய் சொட்டத் தொடங்கியது. மாற்றிக் கொடுத்தவர்கள் குனிந்து பார்த்ததுமே டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் மூலம் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) சீல், அதாவது எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம், போய்விட்டது என்றும், கியர் பாக்ஸை மறுபடியும் இறக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

தண்டையார்பேட்டையில் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்தில் இருக்கும் சிறிய பட்டறைக்கு வண்டியைக் கொண்டுசென்றபோது, அங்கிருந்த மூத்த மெக்கானிக் முதலில் கேட்டது, "சார், வண்டி ஓடும்போது சொட்டுதா, ராத்திரி நின்ன பிறகு சொட்டுதா?" என்பதுதான். இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. எஞ்சின் ஓடும்போது மட்டும் சொட்டினால், எண்ணெய் அழுத்தத்தோடு செல்லும் குழாய்களைச் சந்தேகிக்க வேண்டும். இரவு முழுக்க நின்ற பிறகு சொட்டினால், கன்வெர்ட்டரிலிருந்து எண்ணெய் கீழே இறங்கி கியர் பாக்ஸுக்குள் மட்டம் உயர்ந்திருக்கும் என்பதால், சற்று மேலே உள்ள சீல்களைப் பார்க்க வேண்டும்.

சொட்டும் இடம் கசியும் இடமாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவர்கள் உண்மையிலேயே கடைப்பிடிக்கிறார்கள். சொட்டை வெள்ளைத் துணியில் எடுத்துப் பார்த்து, நிறம் தெளிந்த சிவப்பாக இருந்ததால் அது எஞ்சின் ஆயில் அல்ல என்று எஞ்சினின் பின்பக்க சீலைச் சந்தேகத்திலிருந்து விலக்கினார்கள். இந்த வண்டியின் பவர் ஸ்டீயரிங் எண்ணெய் இல்லாமல் மின்சாரத்தில் இயங்குவதால் அதையும் சந்தேகிக்க வேண்டியிருக்கவில்லை. பிறகு அடிப்பகுதி முழுவதையும் கழுவி, காற்றடித்து உலர்த்தி, கியர் ஆயிலில் ஒளிரும் சாயம் கலந்து, எஞ்சின் சூடாகும் வரை ஓடவிட்டு, புற ஊதா விளக்கை மேலிருந்து கீழாகப் பிடித்துத் தேடினார்கள். கன்வெர்ட்டரின் அடி மூடியைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே உலர்ந்தே இருந்தது. ஒளிர்ந்ததோ கியர் பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாயான கூலர் ஹோஸின் இணைப்பு. வெப்பத்தில் விறைத்துப்போன பழைய ஹோஸையும் தளர்ந்த கிளிப்பையும் அப்படியே மாட்டியிருந்ததால், அங்கிருந்து வழிந்த எண்ணெய் கியர் பாக்ஸ் உறையின் விளிம்பு வழியே ஓடி அடியில் சொட்டியிருக்கிறது. கியர் பாக்ஸை இறக்கியிருந்தால் அத்தனை கூலியும் வீணாகியிருக்கும்.

ஹோஸை மாற்றிய கையோடு வண்டியைத் தந்துவிடாமல், மணலி விரைவுச் சாலை வரை ஓட்டிவந்து மறுபடியும் விளக்குப் பிடித்தார்கள். அப்போதுதான் கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குச் செல்லும் வலப்பக்க டிரைவ் ஷாஃப்ட் சீலில் மெல்லிய ஒளிர்வு தெரிந்தது. ஷாஃப்டைச் சாய்வாகச் செருகும்போது சீலின் உதடு கிழிவது கியர் பாக்ஸ் மாற்றத்தில் அடிக்கடி நேர்வதுதான் என்றாலும், முதல் கசிவு அதை மறைத்திருந்ததால் அவசரப்படும் யாருக்கும் தப்பியிருக்கும்.

எண்ணெய் மட்டத்தையும் முறையாகப் பார்த்தார்கள். ஹோண்டாவில் வண்டி நன்கு சூடான பிறகு எஞ்சினை அணைத்து, ஒன்றரை நிமிடத்துக்குள் அளவுக்கோலை எடுக்க வேண்டும். வேறு பல வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதே பார்க்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் கூடுதலாக ஊற்றினால் எண்ணெய் நுரைத்துக் காற்றுத்துளை வழியாக வெளியேறி, இன்னொரு கசிவைப் போலத் தோன்றும்.

குறைகளும் உண்டு. உட்கார இடமில்லை; வண்டியைத் தூக்கும் லிஃப்ட் ஒன்றே என்பதால் காத்திருக்க நேரிடும்; கையால் எழுதித் தரும் பில்லில் ஆயிலின் வகையைக் குறிப்பதில்லை என்பதால், ஹோண்டாவின் ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயிலான டிடபிள்யூ-1 ஊற்றினார்களா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கசிவைக் கண்டுபிடிப்பதற்கெனத் தனிக் கூலி வாங்குகிறார்கள். அதில் எனக்குச் சிறிதும் வருத்தமில்லை, ஏனெனில் அந்த வேலைக்காகத்தான் அங்கே போக வேண்டும். துறைமுகத்துக்குச் செல்லும் கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும் நேரங்களில் அந்தச் சந்துக்குள் திரும்புவதே கடினம் என்பதால், போகும் முன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள்.